வெக்டர் தேடல் எவ்வளவு உழைத்தது என்று லூசீனிடம் கேட்பது எப்படி

ஒரு தேடல் சேவையில் வேலை பார்த்தபோது, வெக்டர் தேடல் (ஆவணங்களை எண் வரிசைகளாக மாற்றி, நெருக்கமானவற்றைத் தேடுவது) மட்டும் சில நேரங்களில் திடீரென்று மெதுவாகிவிடும். அதே இன்டெக்ஸ், அதே மெஷின், கேள்வியும் ஏறக்குறைய அதேதான். ஆனால் ஒரு ஃபில்டரைச் சேர்த்தால் போதும், நேரம் எகிறிவிடும். எந்த அடிக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும் புரொஃபைலரைத் திறந்து பார்த்தால், ஆவணங்களுக்கு மதிப்பெண் போடும் ஸ்கோரர் கிட்டத்தட்ட எதுவுமே செய்யவில்லை என்று காட்டும். அடுத்த ஆவணத்துக்கு நகர்ந்த நேரம், மதிப்பெண் போட்ட நேரம் என்று எல்லா வரியும் சொற்பம்தான். அப்படியானால் நேரம் எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் லூசீன் என்ற தேடல் லைப்ரரியின் சோர்ஸ் கோடுக்குள் இறங்கினேன், அங்கே பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. லூசீனை டக் கட்டிங் 1999-இல் எழுதத் தொடங்கினார். அது வார்த்தைத் தேடலுக்காகப் பிறந்த லைப்ரரி. வெக்டர் தேடல் அதற்குள் வந்தது 2021 டிசம்பரில் வெளியான 9.0 பதிப்பில். மல்கோவும் யாஷுனினும் 2016-இல் வெளியிட்ட எச்என்எஸ்டபிள்யூ என்ற பல அடுக்கு வரைபட முறையைத்தான் அது பயன்படுத்துகிறது. ஒவ்வொரு வெக்டரும் ஒரு புள்ளி, நெருக்கமான புள்ளிகளுக்கு இடையே கோடுகள். தேடும்போது மேலடுக்கில் ஒரு நுழைவுப் புள்ளியில் தொடங்கி, நம் வெக்டருக்குக் கிட்டத்தில் உள்ள அண்டைப் புள்ளிக்குத் தாவித் தாவிக் கீழே வர வேண்டும். ஒவ்வொரு புள்ளியைத் தொடும்போதும் ஒரு ஒப்புமைக் கணக்கு போட வேண்டும். 768 பரிமாண வெக்டர் என்றால் 768 பெருக்கல், கூட்டல். ஆகவே ஒரு தேடலுக்கு ஆகும் செலவை ஒரே எண்ணில் சொல்லச் சொன்னால், அது தொட்ட புள்ளிகளின் எண்ணிக்கைதான். மில்லிசெகண்ட் மெஷினைப் பொறுத்தும் கேஷைப் பொறுத்தும் பக்கத்தில் ஓடும் வேறு வேலையைப் பொறுத்தும் மாறும், இந்த எண்ணிக்கையோ அவ்வளவு ஆடாது. வெக்டர் தேடலைக் கண்காணிக்க வேண்டும் என்றால் முதலில் கையில் எடுக்க வேண்டியது இதைத்தான்.

சரி, புரொஃபைலருக்கு இது ஏன் தெரியவில்லை? வார்த்தைத் தேடலில் ஒரு கேள்வி மூன்று படிகளைத் தாண்டும். முதலில் ரீரைட், அதாவது கேள்வியை எளிய வடிவத்துக்கு மாற்றி எழுதுவது. அப்புறம் வெயிட், அதாவது அந்த இன்டெக்ஸுக்கு ஏற்றபடி மதிப்பெண் கணக்கைத் தயார்செய்வது, அப்புறம் ஸ்கோரர். உண்மையான வேலை ஸ்கோரரில்தான் நடக்கும். லூசீன் மேல் கட்டப்பட்ட எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடல் மென்பொருள்களின் புரொஃபைலர்கள் வெயிட்டையும் ஸ்கோரரையும் ஒரு உறைக்குள் போட்டு ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம் குறித்துக்கொள்ளும், வார்த்தைத் தேடலுக்கு அது பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் லூசீனின் கேஎன்என் கேள்வி, அதாவது மிக நெருக்கமான கே ஆவணங்களைக் கேட்கும் வெக்டர் கேள்வி, தன் முழு வேலையையும் ரீரைட்டிலேயே முடித்துவிடுகிறது. ஒவ்வொரு செக்மென்ட்டிலும், அதாவது இன்டெக்ஸின் ஒவ்வொரு துண்டிலும், வரைபடத்தில் நடந்து, கிடைத்ததை ஒன்றாகச் சேர்த்து, சிறந்த கே ஆவணங்களையும் அவற்றின் மதிப்பெண்களையும் ஒரு வரிசையில் அடைத்து, ஒரு புதிய சின்னக் கேள்வியாகத் திருப்பிக் கொடுக்கிறது. ஸ்கோரர் பார்ப்பது அந்தத் தயார் பட்டியலைத்தான், அதைப் படிக்க நேரமே ஆகாது. ரீரைட்டுக்கு மொத்தமாக இவ்வளவு நேரம் என்று ஒரு எண் கிடைக்கும், அதற்குள் என்ன நடந்தது என்று தெரியாது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. ரீரைட் ஒரு முறைதான் நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. ஒரு ஆவணத்துக்கு ஏன் இந்த மதிப்பெண் என்று விளக்கம் கேட்டால், லூசீன் அந்தக் கேள்வியை மறுபடி ரீரைட் செய்யும், அதாவது முழு வெக்டர் தேடலும் மறுபடி ஓடும். முதல் பத்து முடிவுகளுக்கும் ஒவ்வொன்றாக விளக்கம் கேட்டால் பத்துத் தேடல். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது ஏதோ சிறு பிழைதிருத்த வசதி போலத்தான் தெரியும்.

ஆக, உள்ளே எட்டிப் பார்க்க ஒரு வழி வேண்டும். இங்கேதான் லைப்ரரி எழுதுபவருக்கும் அதைப் பயன்படுத்துபவருக்கும் இழுபறி தொடங்குகிறது. லூசீனில் நிறைய கிளாஸ்கள் ஃபைனல், அதாவது யாரும் அவற்றிலிருந்து கிளைக்க முடியாது. நிறைய அந்தந்த பேக்கேஜுக்குள் மட்டும் தெரிபவை. கேஎன்என் கேள்விகளின் பொது அடிப்படைக் கிளாஸே 9 வரிசையில் அப்படித்தான் பேக்கேஜுக்குள் அடைபட்டு இருந்தது. வெளியில் இருக்கிற எனக்கு இது எரிச்சலாக இருந்தது, ஆனால் கொஞ்சம் யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு மெத்தடை வெளியாருக்குத் திறந்துவிட்டால், அது அன்றிலிருந்து ஒரு வாக்குறுதி. நாளை அதை வேறு விதமாக எழுத வேண்டும் என்று தோன்றினாலும், யாரோ எங்கோ அதை ஓவர்ரைடு செய்திருப்பார், அதாவது தன் கிளாஸில் மாற்றி எழுதியிருப்பார் என்ற பயம் கையைக் கட்டிப்போடும். வெக்டர் தேடல் பகுதியோ பதிப்புக்குப் பதிப்பு தலைகீழாக மாறிக்கொண்டிருக்கிற இடம். அங்கே எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள் என்று கேட்பது சரியில்லை.

திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். மக்கள் கிளாஸை அப்படியே நகலெடுத்துத் தங்கள் புராஜெக்ட்டில் ஒட்டிக்கொள்வார்கள். ஆறு மாதம் கழித்து மூலத்தில் ஒரு பிழை சரிசெய்யப்படும், நகலில் அது அப்படியே இருக்கும். அல்லது தங்கள் கிளாஸை லூசீனின் பேக்கேஜ் பெயரிலேயே வைத்து உள்ளே நுழைவார்கள். ஜாவாவின் மாட்யூல் அமைப்பில் ஒரே பேக்கேஜை இரண்டு மாட்யூல்கள் வைத்திருக்க முடியாது, லூசீனும் 9 வரிசையில் முறையான மாட்யூல்களாக மாறிவிட்டது, ஆகவே மாட்யூல்களோடு ஓடும் இடங்களில் அந்தக் குறுக்குவழியும் அடைபட்டுப் போனது.

இதற்கு நடுவில் கிடைத்த ஒரு நல்ல தீர்வுதான் மெர்ஜ்லீஃப்ரிசல்ட்ஸ் என்ற மெத்தட். ஒவ்வொரு செக்மென்ட்டும் தந்த முடிவுகளை ஒன்றாகச் சேர்க்கும் அந்த ஒரு அடியை மட்டும் தனியாகப் பிரித்து, ஓவர்ரைடு செய்துகொள்ளலாம் என்று திறந்துவைத்தார்கள். இது ஏன் போதுமானதாக இருந்தது என்றால், லூசீனின் வெக்டர் கலெக்டர், அதாவது தேடும்போது முடிவுகளைச் சேகரிக்கும் பகுதி, ஒரு அழகான வேலை செய்கிறது. முடிவுப் பட்டியலோடு 'மொத்தப் பொருத்தங்கள்' என்று ஒரு எண்ணை எப்போதும் சேர்த்து அனுப்ப வேண்டும் அல்லவா, வெக்டர் தேடலில் அந்த இடத்துக்குப் பெரிய பொருள் கிடையாது, எல்லா ஆவணமும் ஏதோ ஒரு தூரத்தில் இருக்கத்தான் செய்யும். அதனால் அந்த இடத்தில் தொட்ட புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்துவிட்டார்கள். பல செக்மென்ட்களின் முடிவுகளைச் சேர்க்கும்போது இந்த எண்களும் தாமாகவே கூட்டப்படும். ஆகவே எலாஸ்டிக்சர்ச் தன் கேள்வியில் அந்த மெத்தடை ஓவர்ரைடு செய்து, சேர்த்து வந்த பட்டியலிலிருந்து அந்த எண்ணை எடுத்து ஒரு ஃபீல்டில் வைத்துக்கொண்டு, பிறகு புரொஃபைலரிடம் கொடுத்தது. அங்கே புரொஃபைல் பதிலில் டிஎஃப்எஸ் (முக்கியத் தேடலுக்கு முன் நடக்கும் கட்டம்) பகுதியில் 'வெக்டர் ஆபரேஷன்ஸ் கவுண்ட்' என்று வருவது இப்படி எடுத்ததுதான். சில வரி கோடுதான், லூசீனின் உள்வேலை எதையும் தொடவில்லை.

முதலில் இதைப் பார்த்தபோது பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தேன். ஆனால் என் மெதுவான கேள்விகளுக்கு அந்த எண் எந்த விளக்கமும் தரவில்லை. வேகமான கேள்விக்கும் மெதுவான கேள்விக்கும் எண்ணில் வித்தியாசம் கொஞ்சம்தான், நேரத்தில் மட்டும் பெரிய வித்தியாசம்.

காரணம் ஃபில்டர் கையாளும் விதத்தில் இருந்தது. ஃபில்டர் உள்ள கேஎன்என் தேடலை லூசீன் இப்படிச் செய்யும். ஒரு செக்மென்ட்டில் ஃபில்டரைத் தாண்டும் ஆவணங்கள் எத்தனை என்று முதலில் எண்ணும். அது கே-க்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் வரைபடமே வேண்டாம், அத்தனையையும் நேரடியாக ஒப்பிட்டுவிடும். அதிகமாக இருந்தால் வரைபடத்தில் நடக்கத் தொடங்கும், ஆனால் ஒரு வரம்போடு. ஃபில்டரைத் தாண்டியவை எத்தனையோ அதைவிட ஒன்று கூடுதலாக, அவ்வளவு புள்ளிகளை மட்டும்தான் தொடலாம். அந்த வரம்பை எட்டிவிட்டால் வரைபடத்தில் நடப்பதில் லாபம் இல்லை என்று முடிவுசெய்து, கையில் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஃபில்டரைத் தாண்டிய எல்லாவற்றையும் முதலிலிருந்து நேரடியாக ஒப்பிடும். நல்ல உத்திதான், எந்த நிலையிலும் செலவு கைமீறாது. ஆனால் 'தூக்கிப் போட்டுவிட்டு' என்ற இடத்தைக் கவனியுங்கள், அந்தப் பழைய முடிவுப் பட்டியலோடு அதில் இருந்த எண்ணிக்கையும் போய்விடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செக்மென்ட்டில் 10 லட்சம் ஆவணங்கள், ஃபில்டரைத் தாண்டுவது 3,000. வரம்பு 3,001. வரைபடத்தில் நடந்து 3,001 ஒப்பீடுகள் ஆனதும் கைவிடுகிறது. பிறகு நேரடி ஒப்பீடு 3,000. மொத்தம் 6,001 ஒப்பீடுகள் நடந்திருக்கின்றன. மெர்ஜ்லீஃப்ரிசல்ட்ஸுக்கு வந்து சேரும் எண் 3,000. அதற்கு மேல், வரைபடத்தில் நடப்பது நினைவகத்தில் அங்கும் இங்கும் தாவுவது, வெக்டர்கள் நினைவகத்தில் இல்லாமல் டிஸ்க்கில் இருந்தால் ஒவ்வொரு தாவலும் ஒரு தனி வாசிப்பாக மாறலாம். ஆகவே தொலைந்துபோன அந்தப் பாதிதான் நேரத்தில் பெரும்பங்கைத் தின்றிருக்கக்கூடும். கண்காணிப்பு நமக்குக் காட்ட வேண்டியதே இதைத்தான், நாம் எண்ணுகிற இடத்திலோ அது சுத்தமாகக் காணாமல் போகிறது.

அந்த நேரடி ஒப்பீட்டின் எண்ணையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். அது ஒவ்வொரு கணக்கையும் எண்ணி வந்த எண் இல்லை, ஃபில்டரைத் தாண்டிய பட்டியலின் நீளம். அந்தப் பட்டியலில் வெக்டரே இல்லாத ஆவணங்கள் இருந்தாலும் அவையும் கணக்கில் வந்துவிடும்.

அப்படியானால் எங்கே கொக்கி போட வேண்டும்? பலருக்கும் முதலில் தோன்றுவது கலெக்டர்தான். கேஎன்என் கலெக்டர் என்ற இன்டர்ஃபேஸ்தான் தேடல் நடக்கும்போது எல்லாவற்றையும் பார்க்கிறது. எத்தனை புள்ளி தொட்டாயிற்று, வரம்பு எவ்வளவு, இப்போதைக்குத் தேறக்கூடிய குறைந்தபட்ச ஒப்புமை என்ன, முன்கூட்டியே நிறுத்தியாயிற்றா எல்லாம் அதனிடம் இருக்கிறது. கலெக்டரை உருவாக்கித் தரும் மேனேஜரையும் ஓவர்ரைடு செய்ய முடியும். லூசீனே தன் நேர வரம்பை இப்படித்தான் செயல்படுத்துகிறது, உள்ளே ஒரு கலெக்டர், அதற்கு மேல் ஒரு உறை, 'நிறுத்தலாமா' என்ற கேள்வி வரும்போது கடிகாரத்தையும் பார்த்துப் பதில் சொல்லும். நாமும் அதே மாதிரி ஒரு உறை போட்டால் போதும் என்றுதான் தோன்றும்.

இதில் எனக்கு மூன்று தயக்கம். கலெக்டரின் எண்ணும் மெத்தட் தேடலின் உள்வட்டத்தில் அழைக்கப்படுவது, அங்கே நாம் சேர்க்கும் ஒவ்வொரு அடுக்கும் லட்சக்கணக்கான முறை ஓடும். ஓடும்போதே கோடை வேகப்படுத்தும் ஜாவாவின் ஜிட் கம்பைலர் ஒரே ஒரு வகைக் கலெக்டரைப் பார்க்கும்வரை அந்த அழைப்பை உள்ளுக்குள் கரைத்து மாயமாக்கிவிடும், நாலு வகை உறைகள் புழங்க ஆரம்பித்தால் அந்தச் சலுகை போய்விடும். இரண்டாவது, இந்த இன்டர்ஃபேஸ்கள் அடிக்கடி மாறுகின்றன. கலெக்டரை உருவாக்கும் மெத்தட்டுக்குப் பின்னாளில் தேடல் உத்தி என்று ஒரு கூடுதல் அளவுரு வந்தது, கலெக்டருக்கும் அதற்கேற்ற புது மெத்தட் வந்தது. நாம் கையால் எழுதிய உறை அந்தப் புது மெத்தடை உள்ளே இருக்கும் கலெக்டருக்குக் கடத்தாவிட்டால், உள்ளே இருக்கும் கலெக்டர் வைத்திருக்கும் தேடல் உத்தி வெளியே தேடலை நடத்தும் கோடுக்குப் போய்ச் சேராது. ஓடும்போது எதுவும் உடையாது, ஆனால் நாம் அளந்துகொண்டிருப்பது வேறு ஒரு தேடலை. இதனால்தான் லூசீன் பிற்பாடு ஒரு பொது டெக்கரேட்டர் கிளாஸையும் சேர்த்தது, உறை போடுவதாக இருந்தால் அதிலிருந்துதான் கிளைக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: நேரடி ஒப்பீடு நடக்கும்போது கலெக்டர் அங்கே இல்லவே இல்லை. அது தனி வழி. கலெக்டரில் எண்ணினால் முதல் 3,001 தெரியும், அடுத்த 3,000 தெரியாது, அதாவது நாம் முன்பு தொலைத்த பாதி கிடைத்து, முன்பு இருந்த பாதி போய்விடும்.

கடைசியில் நான் வந்து நின்ற இடம் வேறு. செக்மென்ட் அளவில் இரண்டு மெத்தட்கள் இருக்கின்றன. வரைபட நடைக்கு அப்ராக்ஸிமேட்சர்ச், நேரடி ஒப்பீட்டுக்கு எக்ஸாக்ட்சர்ச். இரண்டுமே புரொடெக்டட், அதாவது கிளைக்கும் கிளாஸ் அவற்றை மாற்றி எழுதலாம், இரண்டுமே முடிவுப் பட்டியலோடு அந்த எண்ணையும் திருப்பித் தருகின்றன. இரண்டையும் ஓவர்ரைடு செய்து, மூல மெத்தடை அழைத்து, வந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பட்டியலை மாற்றாமல் அப்படியே திருப்பினால் போதும். வரைபட நடையின் முடிவில் அந்த எண் 'சரியாக இவ்வளவு' என்ற குறியோடு வந்தால் நடை முழுதாக முடிந்தது, 'குறைந்தது இவ்வளவு' என்ற குறியோடு வந்தால் பாதியில் நின்றது. இந்த இரண்டாம் வகை வந்து, அதே செக்மென்ட்டுக்கு உடனே எக்ஸாக்ட்சர்ச் அழைக்கப்பட்டால், அது வரைபடத்தைக் கைவிட்ட செக்மென்ட். உள்வட்டத்தில் ஒரு வரி கூடச் சேர்க்கவில்லை, செக்மென்ட்டுக்கு இரண்டு முறைதான் நம் கோடு ஓடுகிறது, ஆகவே அங்கேயே நேரத்தையும் தாராளமாக அளந்துகொள்ளலாம்.

எக்ஸாக்ட்சர்ச்சுக்கு மேலே லூசீன் கோடில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்கள். எந்தத் தேடல் உத்தி பயன்பட்டது என்று டெஸ்ட்கள் சரிபார்க்க வசதியாக இதை ஓவர்ரைடு செய்ய விடுகிறோம் என்பதுதான் அதன் சாரம். அதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. டெஸ்ட் எழுதியவருக்கும் எனக்கும் ஒரே கேள்விதான் இருந்திருக்கிறது: இந்தத் தேடல் எந்த வழியாகப் போனது? அவர் அந்தக் கேள்வியை பில்டு ஓடும்போது கேட்கிறார், நான் புரொடக்ஷனில் கேட்கிறேன். டெஸ்ட்டுக்காகத் திறந்த கதவு எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம் என்பதும் தெரியும், ஆகவே லூசீன் இதைக் கண்காணிப்புக்கும் உரிய இடமாக வெளிப்படையாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஒரு செக்மென்ட் முடிந்ததும் வழி, எண்ணிக்கை, முன்கூட்டியே நின்றதா என்ற மூன்றை மட்டும் சொல்லும் ஒரு சின்ன அழைப்பு இருந்தால், யாரும் தேடலின் போக்கையே மாற்றக்கூடிய மெத்தடைத் தொட வேண்டியதில்லை. பார்ப்பதற்கு மட்டும் அனுமதி, மாற்றுவதற்கு இல்லை. லைப்ரரிக்காரர்களின் பயமும் குறையும்.

மற்ற லைப்ரரிகள் இதே சிக்கலை வேறு மாதிரி கையாண்டிருக்கின்றன. ஃபேஸ்புக் 2017-இல் வெளியிட்ட ஃபைஸில், எச்என்எஸ்டபிள்யூ புள்ளிவிவரம் ஒரு குளோபல் மாறியில் சேர்கிறது, தூரக் கணக்குகளும் தாவல்களும் அதில் கூடிக்கொண்டே போகும். ஆய்வுக்கு உட்கார்ந்து ஒரு கேள்வித் தொகுப்பை ஓட்டிப் பார்ப்பவருக்கு அது கச்சிதம். ஒரே நேரத்தில் நூறு பேர் தேடும் சேவையில் எந்தக் கேள்விக்கு எவ்வளவு என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. எச்என்எஸ்டபிள்யூலிப்பில் கீழடுக்குத் தேடல் மெத்தடுக்கு 'அளவீடு வேண்டுமா' என்று ஒரு டெம்ப்ளேட் அளவுரு இருக்கிறது, கம்பைல் செய்யும்போதே வேண்டாம் என்றால் அந்த எண்ணும் வரிகள் பைனரியில் வரவே வராது. வேகத்துக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சேவையில் ஒரு கேள்விக்கு மட்டும் ஆன் செய்ய முடியாது. லூசீனின் வழி, அதாவது ஒவ்வொரு கேள்வியும் தன் கணக்கைத் தன்னோடு சுமப்பது, சேவைகளுக்கு இவை இரண்டையும்விடப் பொருந்துகிறது.

சுமப்பது என்று சொன்னதும் ஒரு எச்சரிக்கை. எண்ணை கேள்வி ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே ஒரு ஃபீல்டில் வைப்பது எளிது, எலாஸ்டிக்சர்ச் அப்படித்தான் செய்தது, ஆனால் லூசீனில் கேள்விகள் மாறாதவையாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை எதிர்பார்ப்பு. கேஷ் அவற்றைச் சாவியாகப் பயன்படுத்துகிறது. ஆகவே அந்த ஃபீல்ட் சமமா என்று பார்க்கும் மெத்தடிலோ ஹாஷிலோ எக்காரணம் கொண்டும் வரக்கூடாது. நான் எண்ணை வெளியே ஒரு சிறு கணக்கேட்டு ஆப்ஜெக்ட்டில் வைத்து, அதைக் கேள்வியை உருவாக்கும்போது கொடுத்துவிடுகிறேன். செக்மென்ட்கள் பல த்ரெட்களில் ஒரே நேரத்தில் ஓடலாம் என்பதால் அந்தக் கணக்கேட்டில் சாதாரண லாங் வேண்டாம், பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் கூட்டினாலும் தவறாத லாங்ஆடர் வேண்டும். மறுபடி ரீரைட் நடந்தால் எண் கூட வேண்டுமா பழையதை அழிக்க வேண்டுமா என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். நான் கூட்டத்தான் விடுகிறேன், ஏனென்றால் விளக்கம் கேட்டதால் பத்து முறை ஓடிய தேடலை அப்போதுதான் பிடிக்க முடியும்.

த்ரெட்கள் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். செக்மென்ட்கள் இணையாக ஓடும்போது, ஒரு செக்மென்ட்டில் கிடைத்த நல்ல மதிப்பெண்களை மற்றவற்றோடு பகிர்ந்து, தேறாத பாதைகளை அங்கே சீக்கிரம் வெட்டிவிடும் கலெக்டரும் லூசீனில் வந்தது. யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து அடுத்தவரின் வேலை கூடும் குறையும், ஆகவே அதே கேள்வியை இரண்டு முறை ஓட்டினால் எண்ணிக்கை கொஞ்சம் மாறலாம். அலர்ட் வைப்பவர்கள் ஒரு துல்லியமான எண்ணை எதிர்பார்க்காமல் கொஞ்சம் இடைவெளி விட்டு வைக்க வேண்டும்.

10 பதிப்பில் மொத்தப் பொருத்தங்கள் என்ற அந்தக் கிளாஸ் ரெகார்டாக மாறியபோது, ஃபீல்டாகப் படித்த எல்லாருடைய கோடும் கம்பைல் ஆகாமல் நின்றது. அது நல்ல வகை உடைப்பு, உடனே தெரிந்துவிடும். எனக்குப் பயம் சத்தமில்லாமல் உடைவதில்தான். அதனால் என் கிளாஸுக்கு ஒரே ஒரு டெஸ்ட் கட்டாயமாக வைத்திருக்கிறேன். ஒரே செக்மென்ட்டில் சில ஆயிரம் வெக்டர்கள், அவற்றில் கொஞ்சத்தை மட்டும் விடும் ஒரு ஃபில்டர், வரைபடத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தும் அளவுக்குப் பெரிய கே. கணக்கேட்டில் வரைபடப் பாதியும் நேரடிப் பாதியும் இரண்டுமே பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்க வேண்டும், கூட்டுத்தொகை மெர்ஜ்லீஃப்ரிசல்ட்ஸில் வரும் எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். லூசீன் பதிப்பை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் நான் முதலில் ஓட்டுவது இந்த டெஸ்ட்டைத்தான்.